அம்மை என்று சொல்லாத டிசம்பர்

என் மகன் ஜோயலுக்குத் தைத்த கிறிஸ்துமஸ் கால்சட்டை இடுப்பில் ஏறவில்லை. அதுதான் முதல் அறிகுறி.

நான் தையல்காரி. ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில், வீட்டின் முன்னறையிலேயே மெஷின் போட்டிருக்கிறேன். டிசம்பர் பிறந்தால் தெருவில் பாதிப் பெண்களுக்கு ரவிக்கை, பிள்ளைகளுக்கு கவுன் என்று மூச்சுவிட நேரமிருக்காது. அதனால் என் பிள்ளைகள் இருவருக்கும் நவம்பர் தொடக்கத்திலேயே தைத்து வைத்துவிடுவேன். நான்கு வயது ஜோயலுக்கு அளவெடுத்துப் பத்து நாள்கூட ஆகவில்லை. போட்டுப் பார்த்தால் பட்டன் துளைக்குப் பக்கத்திலேயே வரவில்லை. தையலைப் பிரித்து ஓர் அங்குலம் விட்டேன். நான்கு நாளில் அதுவும் போதவில்லை.

பன்னிரண்டு வருடத் தொழிலில் நான் அளவு தப்பியவள் இல்லை. இருந்தும் பிள்ளையைச் சந்தேகப்படாமல் டேப்பைச் சந்தேகப்பட்டேன். காலையில் எழுந்தால் அவன் கண்கள் இரண்டும் கோடாக இருக்கும்; கன்னம் உப்பியிருக்கும். ரவிக்கைக்குத் துணி கொடுக்க வந்தவர்கள் எல்லாரும் "புள்ள நல்லா தேறிட்டான்" என்றார்கள். சோற்றைக் கண்டாலே ஓடி ஒளிகிற பிள்ளையை ஒருவழியாகத் தேற்றிவிட்டேன் என்று எனக்கும் பெருமைதான். அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது.

என் கணவர் சேவியர் கன்டெய்னர் யார்டில் கணக்குப் பார்க்கிற வேலையில் இருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்கு சாக்ஸ் கழற்றும்போது அவர்தான் கூப்பிட்டார்.

"ஸ்டெல்லா, இங்க வந்து பாரு. கால்ல வெரல வெச்சா குழி வுழுது. குழி அப்டியே கீது."

மறுநாள் குழந்தைகள் மருத்துவமனையில் பெயர் சொன்னார்கள்: நெஃப்ரோடிக் சின்ட்ரோம் (சிறுநீரகத்தின் வடிகட்டி கசிந்து, ரத்தத்தில் இருக்க வேண்டிய புரதம் சிறுநீரில் வெளியேறும் நோய், அதனால் உடம்பில் நீர் கோத்து வீங்கும்). டாக்டர் சின்ன வயதுப் பெண். எந்தக் கேள்விக்கும் சலித்துக்கொள்ளாத குரல். "பெரும்பாலான பிள்ளைங்களுக்கு ஸ்டிராய்டு மருந்துலயே சரியாயிடும்மா. ஆனா திரும்பத் திரும்ப வரலாம். நீங்கதான் பக்கத்துல இருந்து பாத்துக்கணும்" என்றார்.

உப்பைக் குறைக்கணும், மருந்தை நாமாக நிறுத்தக் கூடாது, கூட்டத்துக்குள் போகக் கூடாது என்று வரிசையாகச் சொன்னவர், கடைசியாகச் சொன்னதைச் சொல்லும்போது மட்டும் என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"இந்த மருந்து எதிர்ப்புச் சக்திய ரொம்பக் குறைச்சிடும். அம்மை போட்டவங்க யாரும் இவன் பக்கத்துல வரக் கூடாது. மத்த பிள்ளைங்களுக்குப் பத்து நாள் அரிப்போட போயிடும். இவனுக்கு நுரையீரல்ல இறங்கலாம், மூளையில இறங்கலாம். உயிருக்கே ஆபத்து. பக்கத்துல வந்தாங்கன்னு தெரிஞ்சா காய்ச்சல் வரட்டும்னு உக்காந்திருக்காதீங்க. அன்னைக்கே வாங்க."

தலையாட்டினேன். நன்றாகப் புரிந்துதான் தலையாட்டினேன்.

இந்த நோய் உள்ள பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் அடுத்து நான் சொல்வது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தினமும் காலையில் முதல் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து, ஸ்பிரிட் விளக்கில் காட்டிச் சூடாக்க வேண்டும். புரதம் போனால் அது வெந்த முட்டையின் வெள்ளை போலத் திரியும். முதல் வாரம் முழுக்கத் திரிந்தது. அடுத்த வாரம் கலங்கியது. பன்னிரண்டாம் நாள் தண்ணீராக நின்றது. அந்தக் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். சேவியர் பயந்துபோய் ஓடிவந்தார்.

வீக்கம் வடிந்தது, ஆனால் ஸ்டிராய்டு வேறொரு உருண்டை முகத்தைக் கொடுத்தது. அடங்காத பசியையும் கோபத்தையும் கூடவே கொடுத்தது. அக்கா ஷெரினின் தட்டிலிருந்து எடுத்துத் தின்பான், கேட்டால் கடிப்பான். ஏழு வயதுப் பெண் அவள். கடிபட்ட கையைத் தடவிக்கொண்டு, "மருந்துதாம்மா கடிக்குது, அவன் இல்ல" என்று எனக்கே சமாதானம் சொல்வாள்.

இத்தனையும் நான்கு சுவருக்குள். வெளியே ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்லிவிடலாம் என்றுதான் சேவியர் சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன். எங்கள் தெருவில் கிட்னி என்று வாயைத் திறந்தால் மறுநாளே ஆள் போய்விட்டது போலத் துக்கம் விசாரிக்க வந்துவிடுவார்கள். யாருடைய கண் பட்டது, எந்த வேண்டுதல் பாக்கி என்று ஆளாளுக்குக் கண்டுபிடிப்பார்கள். என் பிள்ளையைப் பார்த்து உச்சுக்கொட்டும் ஒரு வாயையும் என்னால் தாங்க முடிந்திருக்காது. தேறிவிட்டான் என்று சொல்கிறவர்கள் அப்படியே சொல்லிக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஷெரினுக்கும் பாடம் சொல்லிக் கொடுத்தேன்: "யாரு கேட்டாலும் தம்பிக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லு." அவள் நன்றாகவே கற்றுக்கொண்டாள்.

டிசம்பர் இரண்டாவது வாரம் எங்கள் அன்பியத்தின் (பங்குக் கோயிலைச் சேர்ந்தவர்களில் தெருவுக்கு ஒன்றாக உள்ள குடும்பக் குழு) கேரல் வந்தது. டிரம் அடித்துப் பாடிக்கொண்டு, குழந்தை இயேசு சுரூபத்தைத் தட்டில் ஏந்தி வீடு வீடாக வருவார்கள். கூடவே கிறிஸ்துமஸ் தாத்தா ஆடிக்கொண்டு வருவார். ஜோயலைக் கோயிலுக்கு அனுப்பாமல், கடைக்கு அனுப்பாமல், பிறந்தநாளுக்கு அனுப்பாமல் ஒரு மாதம் காத்தேன். ஆனால் குழந்தை இயேசு வாசலில் நிற்கும்போது பிள்ளையை உள்ளறையில் பூட்டி வைக்க என்ன காரணம் சொல்வது? உண்மையைத் தவிர வேறு காரணம் என்னிடம் இல்லை. உண்மையைத்தான் நான் சொல்வதாக இல்லை.

டிரம் சத்தம் கேட்டதும் ஜோயல் என் கையை உதறிக்கொண்டு ஓடினான். தாத்தா அவனைத் தூக்கித் தோளில் வைத்து மூன்று சுற்று ஆடினார். ஷெரினையும் கைபிடித்துச் சுற்றினார். முகமூடிக்குள் இருந்தது மூன்றாவது வீட்டு செலின் அக்காவின் மகன் எட்வின். மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் கம்பெனியில் வேலை பார்ப்பவன். எங்கள் தெருவில் அவனைப் போல ஆட ஆளில்லை. முகமூடியைக் கழற்றிப் படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டான். கண்கள் சிவந்து, முகமெல்லாம் வியர்வை. ஆடிய களைப்பு என்று நினைத்தேன். ஜோயல் அவன் மடியை விட்டு இறங்கவே இல்லை. ஒரு மாதத்துக்குப் பிறகு பிள்ளை சிரித்தான். நானும் சிரித்தேன்.

நான்காம் நாள் காலை செலின் அக்கா ரவிக்கை வாங்க வந்தாள். கையில் காய்கறிப் பை. கொத்தமல்லிக்குக் கீழே வேப்பிலைக் கொத்து நீட்டிக்கொண்டிருந்தது.

மற்ற வீடுகளில் அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை தொங்கும். பார்த்தவர்கள் ஒதுங்கிப் போவார்கள். எங்கள் வேதக்காரர் வீடுகளில் டிசம்பரில் வாசலில் நட்சத்திரம்தான் தொங்கும். வேப்பிலையை உள்ளே, பாய்க்கு மேல் பரப்புவோம். வெளியே யாருக்கும் தெரியாது.

"இன்னாக்கா, வேப்பிலை?"

"சும்மாதான் ஸ்டெல்லா. தலைல ஒரே பேனு. அரைச்சித் தேச்சிக்கலாம்னு."

"எட்வின் எங்க? ரெண்டு மூணு நாளா ஆளே காணோம்?"

"எண்ணூர்ல அவங்க சித்தப்பா வூட்டுக்குப் போயிகீறான்." ரவிக்கையைப் பிரித்துப் பார்ப்பதுபோல முகத்தைக் குனிந்துகொண்டாள்.

என் கை மெஷின் சக்கரத்தின் மேலேயே நின்றுவிட்டது. ஒரு மாதமாக மறைத்து வைத்திருந்ததை அவளிடம்தான் முதல்முதலாகச் சொன்னேன்.

"அக்கா, எம்புள்ளைக்குக் கிட்னில கம்ப்ளைண்ட். ஸ்டிராய்டு குடுத்துகினு கீறோம். அம்மை ஒட்டிச்சின்னா அவன் பொழைக்க மாட்டான். எட்வினுக்கு இன்னான்னு சொல்லிடு."

செலின் அக்கா பையைக் கீழே வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"அன்னிக்கே அவனுக்கு உடம்பு காஞ்சுது. வேற யாரும் ஆட மாட்டாங்கன்னு மாத்திரைய போட்டுகினு வந்தான். மறுநா காலைல முதுவுல கொப்புளம். வெளிய சொன்னா கேரல் நின்னுடும், ஒருத்தரும் வூட்டுப் படி ஏற மாட்டாங்க, பண்டிகை நேரம்னு நான்தான் வாயத் தெறக்காதடான்னேன்."

மடியில் கிடந்த துணியை அவள் மேல் வீசினேன். வாயில் வந்ததை எல்லாம் சொன்னேன். இங்கே எழுத முடியாது. அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஒன்றே ஒன்று சொன்னாள்.

"நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா, காய்ச்சலோட அவன் உன் புள்ளய தூக்கியிருப்பானா ஸ்டெல்லா?"

ஜோயலைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன்.

டாக்டர் முதலில் கேட்டது, எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று. கேரல் வந்தது மாலை ஏழு மணி. விரலை மடக்கி எண்ணினார். "இன்னைக்கு சாயந்திரத்துக்குள்ள ஊசி போட்டாதான் நல்ல பலன் இருக்கும்" என்றார். அது இம்யூனோகுளோபுலின் (நோயை எதிர்க்கும் பொருளை மற்றவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்து நேரடியாக உடம்பில் செலுத்தும் மருந்து). சின்னம்மைக்கென்றே உள்ள அந்த ஊசி எல்லா நேரமும் கையிருப்பில் இருக்காதாம். அன்று இல்லை.

சேவியர் யார்டிலிருந்து நேராக பைக்கில் தேடக் கிளம்பினார். நான் வார்டு நடையில் ஜோயலை மடியில் வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தின் கீழே உட்கார்ந்திருந்தேன். பசிக்கிறது என்று என் கையைக் கடித்தான். பிஸ்கட் கொடுத்தேன். பன்னிரண்டு மணிக்கு சேவியர் போன் செய்தார்: "ஒரே பேஜாரா கீது ஸ்டெல்லா, எவனுக்கும் பேரே தெரியல." இரண்டு மணிக்கு: "ஒரு எடத்துல கீதாம். போயிகினு கீறேன்." பிறகு போன் வரவில்லை. நான் செய்தால் எடுக்கவில்லை. மூன்று, நான்கு, நான்கரை. அவர் ஐஸ் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடையில் ஓடி வந்தபோது ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டதாம்.

தொடையில் ஊசி போட்டார்கள். முடிந்தது என்று நினைத்தேன். அப்போதுதான் டாக்டர் சொன்னார், இந்த ஊசி போட்டாலும் அம்மை வரவே வராது என்று சொல்ல முடியாது, வந்தாலும் வேகம் குறைவாக இருக்கலாம், அம்மை வெளியே தெரிய மற்றவர்களுக்கு இருபத்தொரு நாள் கெடு என்றால் ஊசி போட்ட இவனுக்கு இருபத்தெட்டு நாள் என்று. தினமும் உடம்பு முழுவதும் பார்க்கச் சொன்னார். ஒரு பொட்டு தெரிந்தாலும் நேராக வார்டு.

"வீட்ல வேற குழந்தை இருக்கா?"

ஷெரினைப் பற்றிச் சொன்னேன். அவளுக்கு அம்மை வந்ததும் இல்லை, தடுப்பூசி போட்டதும் இல்லை. அவளையும் எட்வின் கைபிடித்துச் சுற்றியிருக்கிறான்.

"கேரல் வந்த நாளை வெச்சு எண்ணி, எட்டாம் நாள்ல இருந்து அவ தம்பி பக்கத்துல இருக்கக் கூடாதும்மா. அவளுக்கு வர்றதா இருந்தா, கொப்புளம் தெரியறதுக்கு முன்னாடியே இவனுக்கு ஒட்டிடும்."

அப்படியாக ஷெரின் திருவொற்றியூரில் என் அக்கா ரோசி வீட்டுக்குப் போனாள். அரையாண்டுத் தேர்வில் கடைசிப் பரீட்சையை எழுதவில்லை. கோயில் நாடகத்தில் சம்மனசு (தேவதூதர்) வேஷம். அந்த வெள்ளை கவுனை நானே தைத்திருந்தேன். அதை எடுத்து வைக்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். சரி என்று பையை மூடினாள். அழுதிருந்தால் கட்டிப்பிடித்துச் சமாதானம் செய்திருப்பேன். அவள் அழவில்லை.

அந்த வருடம் கிறிஸ்துமஸ் எங்களுக்குப் பதின்மூன்றாம் நாள். கோயில் மணி அடித்தபோது நான் ஜோயலை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி, காதுக்குப் பின்னால், அக்குளில், விரலிடுக்கில், தலைமுடிக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் நெளிந்துகொண்டே, "அம்மா, இன்னா தேடற?" என்று கேட்டான். செலின் அக்கா வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். காய்ந்த தழும்புகளோடு எட்வின் எதிர்ச் சுவரோரம் நின்று எங்கள் வீட்டைப் பார்த்தான். வரலாமா என்று கையால் கேட்டான். நான் கதவைச் சாத்தினேன். இன்றும் அதற்காக வருத்தம் உண்டு, ஆனால் அன்று எனக்கு வேறுமாதிரி செய்யத் தெரியவில்லை.

பதினைந்தாம் நாள் ரோசி அக்கா போன் செய்தாள். ஷெரினுக்கு அம்மை போட்டுவிட்டது.

முதலில் எனக்குள் வந்தது நிம்மதி. எட்டாம் நாளே அனுப்பியது நல்லதாகப் போயிற்று என்கிற நிம்மதி. என் மகள் காய்ச்சலில் கிடக்கிறாள் என்பது அதற்குப் பின்னால்தான் வந்தது. ஒரு தாய் இதை எழுதலாமா என்று தெரியவில்லை. இதே இடத்தில் நிற்கும் வேறொரு தாய் படிப்பாள் என்றுதான் எழுதுகிறேன்.

வீடியோவில் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு பேசினாள். "ரெண்டே ரெண்டு கொப்புளம்தாம்மா. எனக்கு ஒண்ணுமில்ல." மாலையில் போய்ப் பார்த்துவிட்டு வந்த சேவியர் சட்டையைக் கழற்றி வாளியில் ஊறவைத்தார். பிறகு, "வாய்க்குள்ளகூட கீது. தண்ணி முழுங்க முடியல. உன்னாண்ட சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிகிச்சு" என்றார்.

பதினேழாம் நாள் ஜோயலின் காதுக்குப் பின்னால் ஒரு சிவப்புப் பொட்டு. செருப்புகூடப் போடாமல் மருத்துவமனைக்கு ஓடினேன். டாக்டர் விளக்கை நெருக்கிப் பிடித்துப் பார்த்தார், விரலால் அழுத்தினார், சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தார். "கொசுக்கடிம்மா" என்றார். சட்டையை இறக்கிவிட்டு, "இவன் அக்கா எப்படி இருக்கா? போய்ப் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"நான் போனா இவனுக்கு..."

"உங்களுக்குச் சின்ன வயசுலயே அம்மை வந்து போயிடுச்சுன்னு சொன்னீங்களே. உங்க மூலமா வராது. போயிட்டு வந்து குளிச்சிட்டு, துணி மாத்திக்கிட்டு இவனைத் தூக்குங்க. பொண்ணு தேடுவா இல்ல?"

டாக்டர் போகலாம் என்றார். நான் போகவில்லை. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூருக்கு பஸ்ஸில் அரை மணி நேரம். அடுத்த பதினொரு நாளும் போகவில்லை. ஒவ்வொரு நாளும் புடவை மாற்றுவேன், பையை எடுப்பேன், ஜோயலின் உடம்பை இன்னொரு முறை பார்ப்பேன், பையைத் திரும்ப ஆணியில் மாட்டிவிடுவேன். டாக்டர் சொன்னதை என் மூளை நம்பியது. என் கைகள் நம்பவில்லை. ஷெரின் ஒருநாளும் வா என்று கூப்பிடவில்லை. போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்பாள்: "தம்பிக்கு இன்னிக்கு எத்தனாவது நாளும்மா?" நான் சொல்வேன். "பொட்டு இல்லியே?" இல்லை என்பேன். "சரி" என்று வைத்துவிடுவாள்.

அவளுக்குப் பக்குகள் உதிர்ந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகும் நான் வரச் சொல்லவில்லை. இருபத்தெட்டு முடியட்டும் என்றேன். ரோசி அக்கா போனில் திட்டினாள். "உனக்கு ஒரே புள்ளதானாடி?" என்றாள்.

இருபத்தெட்டாம் நாள் எதுவும் நடக்காமல் போனது. காலைக் குழாயில் சிறுநீர் தெளிவாக நின்றது. உடம்பில் ஒரு பொட்டு இல்லை. தெருவில் நட்சத்திரங்களைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஜோயல் பிழைத்தான். ஊசி காப்பாற்றியதா, மாதா காப்பாற்றினாளா, வெறும் அதிர்ஷ்டமா தெரியாது. இந்த நோய் திரும்ப வரலாம் என்று டாக்டர் சொன்னது அப்படியேதான் இருக்கிறது. இப்போது தெருவில் எல்லாருக்கும் தெரியும். நானே வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். உச்சுக்கொட்டினார்கள்தான். ஆனால் இருமல் என்றால்கூட ரவிக்கைத் துணியை வெளியிலேயே வைத்துவிட்டுப் போகிறார்கள். செலின் அக்கா வீட்டில் நானே போய் உட்கார்ந்தேன். எட்வின் டீ போட்டுக் கொடுத்தான்.

என் கண்தான் கெட்டுப்போய்விட்டது. எந்தப் பிள்ளை அளவு கொடுக்க வந்து நின்றாலும் காதுக்குப் பின்னால் பார்க்கிறேன். தோல் என்பது எனக்கு இனி வெறும் தோல் இல்லை. நாள்களும் அப்படித்தான். கிழமை மறந்துவிடும், எத்தனாவது நாள் என்பது மறக்காது.

இருபத்தொன்பதாம் நாள் மதியம் சேவியர் ஷெரினைக் கூட்டிவந்தார். மெலிந்திருந்தாள். நெற்றியில் மூன்று குழிகள். ஜோயல் "அக்கா" என்று கத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினான். அவள் சட்டென்று இரண்டடி பின்னால் போனாள். கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அவனைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"இன்னிக்கு எத்தனாவது நாளும்மா?"

"இருபத்தொம்போது."

"நெஜமாவா? எண்ணிட்டியா?"

"எண்ணிட்டேன்டா. உள்ள வா."

அவள் படியில் நின்றபடியே தன் விரல்களை மடக்கி ஒருமுறை எண்ணிப் பார்த்தாள். பிறகுதான் செருப்பைக் கழற்றினாள்.